வணக்கம் சொன்னா மட்டும் போதுமா? ரோபோ நம்மிடம் இயல்பாகப் பழகுகிறதா என்று அளப்பது எப்படி?

அவனியாபுரத்தில் ஒரு வங்கிக் கிளை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நுழைந்ததும் பளபளவென ஒரு வெள்ளை ரோபோ. பென்ஷன் பணம் வந்துவிட்டதா என்று கேட்க வருகிறார் ஓர் அப்பத்தா. “வணக்கம், தங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?” என்கிறது ரோபோ. “இந்த மாசக் காசு ஏறிருச்சாப்பா?” என்று கேட்கிறார் அவர். இரண்டு, மூன்று விநாடி அமைதி. காது கேட்கலையோ என்று நினைத்து, சத்தத்தைக் கூட்டி மறுபடி கேட்கிறார். அதே நேரத்தில் ரோபோவும் வாயைத் திறக்க, இரண்டு குரலும் மோதிக்கொள்கின்றன. “மன்னிக்கவும், தங்கள் கேள்வி புரியவில்லை.” மூன்றாவது தடவை அவர் கேட்பதில்லை. வாட்ச்மேனைத் தேடிப் போய்விடுகிறார்.

கற்பனைதான். ஆனால், ரொம்பத் தூரத்துக் கற்பனை இல்லை. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி, 2016 நவம்பரிலேயே சென்னையில் ‘லட்சுமி’ என்ற ரோபோவை அறிமுகப்படுத்தியது. 2017-ல் சென்னை ஓ.எம்.ஆர் பகுதியில் ரோபோக்கள் உணவு கொண்டுவரும் ஓட்டல் வந்தது. 2020 கொரோனா காலத்தில், நோயாளிகளுக்கு மருந்தும் சாப்பாடும் கொண்டுபோக திருச்சி அரசு மருத்துவமனைக்கு ரோபோக்கள் வந்தன. வங்கி, ஆஸ்பத்திரி, அவனியாபுரத்தை ஒட்டியிருக்கும் மதுரை ஏர்போர்ட் என, ஜனங்கள் கேள்வியோடு வந்து நிற்கும் எந்த இடத்திலும் நாளைக்கு ஒரு ரோபோ நிற்கலாம்.

அப்படி நிற்கும்போது, “எனக்குத்தான் பேசத் தெரியல போல” என்று அந்த அப்பத்தா கூச்சத்தோடு திரும்பிப் போகக் கூடாது. தப்பு மெஷின் மேல், சங்கடம் மட்டும் மனுஷி மேல் என்பது நியாயமில்லை. அதனால்தான், ரோபோ எவ்வளவு இயல்பாகப் பழகுகிறது என்று முன்கூட்டியே அளந்து பார்ப்பது முக்கியம்.

மனுஷ முகம் இருந்தா போதாதா?

போதாது. சில நேரம் அதுவே வினையாகிவிடும். ஜப்பான் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970-ல் ஒரு கருத்தைச் சொன்னார். ரோபோ மனிதரைப் போல ஆக ஆக நமக்குப் பிடித்துக்கொண்டே போகும். ஆனால், ஏறக்குறைய மனிதர், ஆனாலும் ஏதோ சரியில்லை என்ற இடத்துக்கு வரும்போது அந்தப் பிடிப்பு சட்டென்று சரிந்து, ஒருவித அருவருப்பாக மாறிவிடும். துணிக்கடை பொம்மை திடீரென்று கண் சிமிட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? அதுதான்.

ஆக, முகத்தைவிட பழக்கம்தான் பெரிசு. அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில், சோனி நிறுவனத்தின் ‘கியூரியோ’ என்ற குட்டி ரோபோவை ஐந்து மாதங்கள் விட்டுப் பார்த்தார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டு வயதுக் குழந்தைகளை அதிகம் ஈர்த்த விஷயங்களில் ஒன்று ரொம்பச் சின்னது. தலையைத் தொட்டால் அது கிளுகிளுவென்று சிரிக்கும், அவ்வளவுதான். தொட்டதற்கு உடனே பதில் கிடைக்கிறது! நடுவில் சில நாள் சொன்னதையே செய்யும் ஆட்ட பொம்மையாக அதை மாற்றியபோது, குழந்தைகளின் ஆர்வம் குறைந்துவிட்டது.

மார்க் எப்படிப் போடுகிறார்கள்?

ஆய்வாளர்கள் பொதுவாக மூன்று வழிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

கேள்வித்தாள்: 2009-ல் வெளியான ‘காட்ஸ்பீட்’ என்ற கேள்வித்தாள் உலகம் முழுக்கப் பிரபலம். மனிதத்தன்மை, உயிர்ப்பு, பிடித்தமானது, அறிவு, பாதுகாப்பு உணர்வு என ஐந்து தலைப்புகள். ஒரு பக்கம் ‘போலி’, மறுபக்கம் ‘இயல்பு’ என்பதுபோல எதிரெதிர்ச் சொற்கள் இருக்கும். நடுவில் 1 முதல் 5 வரை ஒன்றை டிக் அடிக்க வேண்டும். சுலபமான முறை. ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. பேனாவோடு ஒருத்தர் பக்கத்தில் நின்று கேட்டால், “நல்லாத்தான்ப்பா இருக்கு” என்று மரியாதைக்காகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

திரைக்குப் பின்னால் ஆள்: இதற்கு ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ முறை என்று பெயர். தோல்பாவைக் கூத்து மாதிரிதான். ரோபோ தானாகப் பேசுவதாகப் பார்ப்பவர் நினைப்பார். உண்மையில் உள்ளே ஒருவர் உட்கார்ந்து இயக்குவார். முழு மென்பொருளையும் எழுதும் முன்பே, எந்தப் பேச்சு, எந்த அசைவு மக்களுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்துகொள்ள இது உதவும். சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவதுதான் முறை.

நடத்தையை எண்ணுவது: வாய் சொல்வதைவிட கால் சொல்வது நிஜம். எத்தனை பேர் ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், எத்தனை பேருக்கு வந்த வேலை முடிந்தது? இதற்குப் பெரிய ஆய்வகம்கூட வேண்டாம். வாட்ச்மேனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ரோபோவை விட்டுவிட்டு தன்னிடம் வந்தவர்கள் எத்தனை பேர், என்ன கேட்டார்கள் என்று குறிக்கச் சொன்னாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும். ஒரு நாள் குறித்தால் போதாது. முதல் நாள் செல்ஃபி எடுக்க வரும் கூட்டத்தையும், மூன்றாவது மாதம் வேலையாக வரும் கூட்டத்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

நேரம், தூரம், அசைவு

உலகின் பத்து மொழிகளில் நடந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. ஒருவர் கேட்டு முடித்து இன்னொருவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் இடைவெளி, சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். மொழிக்கு மொழி கொஞ்சம் கூடும், குறையும். அவ்வளவே. இரண்டு விநாடி அமைதி ஏன் நமக்கு யுகமாகத் தெரிகிறது என்று இப்போது புரிகிறதா? யோசிக்க நேரம் தேவைப்பட்டால் ரோபோ “ம்... பார்க்குறேன்” என்றாவது சொல்ல வேண்டும்.

அடுத்தது தூரம். அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-ல் எழுதிய புத்தகத்தில், 45 செ.மீ வரை நெருக்கமானவர்களுக்கு, அதற்கு மேல் சுமார் 1.2 மீட்டர் வரை தெரிந்தவர்களுக்கு என்று கணக்குப் போட்டார். அவர் கவனித்தது அமெரிக்கர்களை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அந்த டேப்பை வைத்து அளந்தால் எல்லோரும் சொந்தக்காரர்கள்தான்! ரோபோ எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தந்த ஊரில்தான் அளக்க வேண்டும்.

மூன்றாவது, அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதை உடம்பிலேயே காட்டுவது. பொங்கலன்று ஜல்லிக்கட்டு நடக்கும் அவனியாபுரத்தில் இதை விளக்கவே வேண்டாம். வாடிவாசலில் தலை தாழ்வதையும் கால் ஊன்றுவதையும் வைத்தே காளை எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிக்கிறவர்கள் அங்கே உண்டு. சக்கரத்தில் ஓடும் ரோபோ, முன்னறிவிப்பு இல்லாமல் சட்டென்று திரும்பினால் வயதானவர்கள் மிரண்டுவிடுவார்கள். முதலில் தலை திரும்பி, பிறகு உடம்பு திரும்பினால் எதிரில் வருபவர் தானாகவே ஒதுங்கிக்கொள்வார்.

தமிழுக்குத் தனிப் பரீட்சை

நாம் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. ‘வந்துவிட்டதா’ என்று எழுதுவோம், ‘வந்துருச்சா’ என்று கேட்போம். செய்தி வாசிப்பதைப் போலப் பேசும் ரோபோ எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் ஒட்டாது. மதுரைக்காரர் “அங்கிட்டுப் போகணுமா, இங்கிட்டா?” என்று கேட்டால் அதற்கும் புரிய வேண்டும்.

முறை வைத்துக் கூப்பிடுவது அதைவிடப் பெரிய சோதனை. ‘நீ’ என்று பேசினால் கதை முடிந்தது. கேமரா வயதைக் கணித்து ஐம்பது வயதுப் பெண்ணை “பாட்டி” என்று கூப்பிட்டாலும் முடிந்தது! ‘வாங்கம்மா’, ‘சொல்லுங்கய்யா’ என்று நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

தலையை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டினால் நமக்கு ‘சரி’ என்று அர்த்தம். அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும் ரோபோ, கேட்டதையே திரும்பக் கேட்கும். கிளம்பும்போது “வர்றேன்ப்பா” என்போம். ‘இவர் இங்கே வருகிறார்’ என்று காத்து நின்றால், அதற்கு இன்னும் தமிழ் வரவில்லை என்று அர்த்தம்.

தப்பு செய்த பிறகு என்ன செய்கிறது?

மனிதர்களும்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். ஆனால் “பென்ஷனா கேட்டீங்க?” என்று சரிபார்த்துக்கொள்கிறோம். ஜப்பானில் 2015-ல் ரோபோக்களை வேலைக்கு வைத்துத் திறக்கப்பட்ட ஹென்-நா ஹோட்டலில், அறையில் இருந்த பொம்மை ரோபோ ஒருவரின் குறட்டையைக் கேள்வி என்று நினைத்து, “மன்னிக்கவும், புரியவில்லை” என்று இரவு முழுக்க எழுப்பிக்கொண்டே இருந்ததாம். 2019-க்குள் அந்த ஹோட்டல் தன் 243 ரோபோக்களில் பாதிக்கும் மேற்பட்டதை நிறுத்திவிட்டது.

நீங்களே மார்க் போடலாம்

அடுத்த முறை ஒரு ரோபோவின் முன்னால் நின்றால் இவற்றைப் பாருங்கள்.

1. கேட்டவுடன் ‘ம்’ என்றாவது பதில் வருகிறதா?
2. நீங்கள் குறுக்கே பேசினால் நிறுத்திக் கேட்கிறதா?
3. வீட்டில் பேசும் தமிழில் கேட்டால் புரிகிறதா?
4. மரியாதையாகப் பேசுகிறதா?
5. எந்தப் பக்கம் நகரப்போகிறது என்று முன்பே தெரிகிறதா?
6. புரியாதபோது கேள்வியை மாற்றிக் கேட்கிறதா, ஒரே வரியைத் திரும்பச் சொல்கிறதா?
7. இரண்டு தடவை தோற்றால், தானாகவே ஒரு மனிதரிடம் அனுப்பிவைக்கிறதா?

ஏழில் எது இல்லாவிட்டாலும் கடைசி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். “இருங்கம்மா, மேடத்தைக் கூப்பிடுறேன்” என்று சொல்லத் தெரிந்த ரோபோவிடம், மீதியை நாம் பொறுத்துக்கொள்ளலாம்.