தந்தையை ஏற்றிச் சென்ற மகள்

பறவைகள் சிறகை விரித்தும் மடக்கியும் வானில் பறப்பதைச் சிந்தித்துப் பார்க்குமாறு அல்லாஹுதஆலா சூரத்துல் முல்க்கிலும் சூரத்துந் நஹ்லிலும் நம்மை அழைக்கின்றான். அவ்வழைப்பு ஆடவருக்கு மட்டும் விடுக்கப்பட்டதன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் குர்துபா நகரத்து அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறகு பூண்டு பறக்க முயன்றதையும், இறங்கும்போது முதுகில் அடிபட்டதையும், பறவை வாலின் துணைகொண்டே இறங்குகிறது என்பதை அவர் கருதாமற் போனதே அதற்குக் காரணம் என்பதையும் மக்கரீ தம் வரலாற்று நூலில் எழுதி வைத்துள்ளார். இச்செய்தியை நாம் மீலாது மேடைகளில் பெருமையுடன் சொல்கிறோம். ஆனால், அந்த வானில் ஏறுவதற்கு நம் சமுதாயத்துப் பெண்மக்கள் பட்ட பாட்டை எடுத்துச் சொல்வார் அரியர்.

மிஸ்ர் நாட்டின் தலைநகரான கெய்ரோவில் 1907ஆம் ஆண்டு பிறந்தவர் லுத்ஃபிய்யா அந்நாதீ. அவருடைய தந்தை அரசு அச்சகத்தில் பணிபுரிந்தவர். பெண்ணுக்குத் தொடக்கக் கல்வியே போதும் என்பது அவருடைய எண்ணம். மேலே படிக்க வழி செய்தவர் தாயார். விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டிருக்கும் செய்தியைப் பத்திரிகையில் படித்த நாள்முதல், அந்தப் பெண்ணின் நெஞ்சில் வேறு எண்ணம் இல்லை. தந்தை மறுத்தார். பயிற்சிக் கட்டணத்துக்குப் பணமும் இல்லை. அவர் நேரே விமான நிறுவனத்தின் இயக்குநரிடம் சென்று தம் நிலையைச் சொன்னார். அப்பள்ளியிலேயே செயலாளராகவும் தொலைபேசி இணைப்பாளராகவும் பணிபுரிந்து, அந்த உழைப்பையே கட்டணமாகச் செலுத்திப் பயின்றார். வாரம் இருமுறை பாடம். படிப்பு வட்டத்துக்குச் செல்வதாகவே வீட்டில் சொல்லி வந்தார்.

67 நாள் பயிற்சிக்குப் பின், 1933 செப்டம்பரில் அவருக்கு உரிமம் கிடைத்தது. அந்நாட்டில் அவருக்கு முன் அதனைப் பெற்றிருந்தவர்கள் 33 பேர், அனைவரும் ஆடவர். பத்திரிகைகள் வாயிலாகச் செய்தி அறிந்த தந்தை சினந்தார். மகள் வாதாடவில்லை. தந்தையை விமானத்தில் ஏற்றிக்கொண்டு கெய்ரோ நகரின் மேலே பறந்து, பிரமிடுகளைச் சுற்றி வந்தார். அச்சம் தீர்ந்த தந்தை, அதன்பின் அவருக்கு ஆதரவாளரானார்.

அவ்வாண்டு டிசம்பரில் கெய்ரோவுக்கும் இஸ்கந்தரிய்யாவுக்கும் இடையே நடைபெற்ற பன்னாட்டுப் பந்தயத்தில் லுத்ஃபிய்யா முதலாவதாக வந்து சேர்ந்தார். கடக்க வேண்டிய குறியிடங்களுள் ஒன்றைத் தவறவிட்டதால் முதற்பரிசு கைநழுவிற்று. எனினும் மன்னர் ஃபுஆது அவரைப் பாராட்டினார். ஹுதா ஷஅராவீ அம்மையார் அவருக்கு விமானம் வாங்க நிதி திரட்டினார். சில ஆண்டுகளில் நேர்ந்த விபத்தில் முதுகெலும்பில் காயமுற்று, அவர் பறப்பதை நிறுத்த நேர்ந்தது. ஆயினும் விமானக் கழகத்தின் செயலாளராகத் தொடர்ந்து தொண்டாற்றினார். 2002ஆம் ஆண்டில் மறைந்தார்.

இந்த வரலாற்றில் ஓரிடம் நம்மை உறுத்துகின்றது. மகள் தந்தையிடம் உண்மையை மறைத்தாள். பொய்யை நாம் நியாயப்படுத்த மாட்டோம். மார்க்கம் அதற்கு இடந்தரவில்லை. ஆனால், அந்தப் பொய் பிறந்த இடம் எது? கேட்டால் கிடைக்காது என்று முன்பே தெரிந்துவிட்ட வீட்டில்தான் மறைப்பு பிறக்கின்றது. கல்வி தேடுவது கடமை என்ற நபிமொழியைச் சுவரில் எழுதி மாட்டிவிட்டு, மகள் வாய் திறக்குமுன் "வேண்டாம்" என்போமாயின், அவளுடைய பிழையில் நமக்கும் பங்குண்டு. மகளைப் படிக்க அனுப்பலாமா என்று நம்மிடம் வந்து கேட்ட தந்தையர் பலர். நாம் சிந்தியாமல் விரைந்து சொன்ன விடைகளும் சில உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

முன்னோர் வழியிலும் இதற்கு மாறான சான்று இருக்கின்றது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் இப்னு நதீம் தொகுத்த ஃபிஹ்ரிஸ்த் என்னும் நூலில், விண்மீன்களின் உயரத்தை அளக்கும் அஸ்துர்லாப் கருவி செய்வோரின் வரிசையில் அல் இஜ்லீ என்பாரையும், அவர் மகள் அல் இஜ்லிய்யாவையும் காண்கிறோம். தந்தையும் மகளும் ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்கள். மகள் ஹலப் நகரை ஆண்ட ஸைஃபுத் தவ்லாவிடம் பணிபுரிந்தவர். வானை அளக்கும் கலையில் தன் மகளைத் தனக்குச் சமமாக உட்கார வைத்த அந்தத் தந்தையும் முஸ்லிம்தான். ஒட்டகம் ஏறும் பெண்டிருள் குறைஷியப் பெண்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறிய செய்தியும் ஹதீஸ் நூல்களில் உள்ளது. ஒட்டகம் அன்றைய ஊர்தி. வானூர்தி இன்றைய ஊர்தி.

நம் நாட்டுக்கு வருவோம். 1936ஆம் ஆண்டு சரளா தக்ரால் என்னும் பெண்மணி புடவை அணிந்தே விமானம் ஓட்டினார். அதே ஆண்டில் உருது எழுத்தாளர் ஹிஜாப் இம்தியாஸ் அலீ அவர்களும் லாகூரில் உரிமம் பெற்றார். போபால் நவாபின் மூத்த மகள் ஆபிதா சுல்தான் 1942இல் விமானியானார். இன்று உலக விமானிகளுள் பெண்கள் நூற்றுக்கு 5 பேர் அளவிலேயே உள்ளனர். இந்தியாவிலோ நூற்றுக்கு 10 பேருக்கும் மேல். திருமக்காவில் பிறந்த ஹனாதீ அல் ஹிந்தீ, தந்தையின் ஊக்கத்துடன் ஜோர்தானில் பயின்று 2005இல் விமானியானார். அவர் பிறந்த நாட்டில் பெண்கள் மோட்டார் வண்டி ஓட்ட அனுமதி கிடைத்ததோ 2018இல்தான்!

மார்க்க வரம்பு, பயணத்தின் ஒழுங்கு, உடையின் கண்ணியம் ஆகியவற்றை ஆலிம்களோடு கலந்து பேசிக்கொள்ளலாம்; பேசுவதற்கு வாசல் திறந்திருக்கட்டும். எல்லாப் பெண்களும் விமானி ஆக வேண்டும் என்பதன்று நம் கோரிக்கை. கணிதத்திலும் இயற்பியலிலும் உங்கள் மகள் ஆர்வம் காட்டினால், பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். தலைக்குமேல் விமானம் போகும்போது அவள் அண்ணாந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டால், "உனக்கெதற்கு இது?" என்னாதீர்கள், உட்கார்ந்து விடை சொல்லுங்கள். பிரமிடுகளுக்கு மேலே சென்ற பின்னரே அந்தத் தந்தை அறிந்துகொண்டதை, நாம் நம் வீட்டு முற்றத்திலேயே அறிந்துகொள்வோமாக! வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக. ஆமீன்.