வாங்கிய கணினியும் ஆக்கிய கணினியும்



கணினியின் வரலாற்றை வகுப்பில் சொல்லும்போது நாம் பெரும்பாலும் மேலை நாட்டில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். இதனால், கணினி என்பது பிறர் ஆக்குவது, நாம் வாங்குவது என்னும் எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிடுகிறது. அவ்வெண்ணத்தை மாற்ற வல்ல வரலாறு ஒன்று நம்மவரிடமே உண்டு.

1946இல் அமெரிக்காவில் 'எனியாக்' எனும் பொதுப்பயன் மின்னணுக் கணினி அறிமுகமானது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள். எடையோ 30 டன். ஒரு கணக்கிலிருந்து வேறு கணக்கிற்கு மாற்ற, கம்பிகளையும் விசைகளையும் மாற்றியமைக்க வேண்டும். அதற்கே நாள்கணக்கில் ஆகும். 1948இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இக்குறை நீங்கியது. கட்டளைகளைக் கணினியின் நினைவகத்திலேயே சேமிக்கும் முறை அங்கு வெற்றி கண்டது.

இதனைக் கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களைக் கொண்டே விளக்கலாம். பிரட்டில் பெயர் பதிந்த அதே கிராணியார்தாம் செக்ரோல் பார்த்துச் சம்பளக் கணக்கும் போட்டார். வேலை மாறும்போது ஆளை மாற்றவில்லை. வேலையின் முறை அவர் நினைவில் இருந்தது. நினைவகம் பெற்ற கணினியும் அவ்வாறே.

இந்தியாவில் 1955இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து ஒரு கணினியை வாங்கி நிறுவியது. அதே காலத்தில் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் வேறு வழியை நாடியது: தானே ஆக்குவது! ஹோமி பாபா தோற்றுவித்த அந்நிறுவனத்தில் இப்பணிக்குத் தலைமை தாங்கியவர் ரங்கசாமி நரசிம்மன். 1926இல் சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்றவர். அவருடைய இளம் குழுவினர் 1956இல் முன்னோடிக் கணினியையும், 1960இல் முழுமையான கணினியையும் இயக்கிக் காட்டினர். ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்களும் 2,048 சொற்களைத் தாங்கும் காந்த நினைவகமும் கொண்ட அக்கணினிக்கு 1962இல் 'டிஃப்ராக்' எனப் பெயர் சூட்டப்பட்டது.

அதற்குள் உலகம் திரிதடையத்திற்கு, அதாவது டிரான்சிஸ்டருக்கு, மாறிவிட்டது. டிஃப்ராக் சில ஆண்டுகளே பயன்பட்டது. அப்படியாயின் உழைப்பு வீணா? இல்லை என்பதே என் கருத்து. வாங்கியிருந்தால் ஓர் இயந்திரம் மட்டுமே கிடைத்திருக்கும். ஆக்கியதால் ஆக்கத் தெரிந்த மனிதர்கள் கிடைத்தனர். நரசிம்மன் பின்னர் இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவரானார்.

நம் நாட்டிற்குக் கணினி 1960களின் நடுவில் வந்தது. தேசிய மின்சார வாரியத்தில் நிறுவப்பட்டது, வெளிநாட்டிலிருந்து வாங்கிய ஐபிஎம் கணினி. வாங்குவதில் குற்றமில்லை, வாங்குவதோடு நின்றுவிடுவதுதான் குறை.

பள்ளிக்குக் கணினிகள் வந்து இறங்கும்போது நாம் எண்ணிக்கையைக் கண்டு மகிழ்கிறோம். அவற்றில் ஒரு பிள்ளையாவது தானே ஒரு சிறு நிரலை எழுதிப் பார்த்ததா என்று இனிக் கேட்போம். பெற்றோர்களே, அக்கேள்வியை வீட்டிலும் கேளுங்கள்.