நாடிழந்தோருக்காக ஓர் இசையரங்கு: பாரிஸ், 1837

ஐரோப்பிய இசை வரலாற்றிலே, 1837ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி பாரிஸ் நகரில் நடைபெற்ற இசையரங்கு பெரும்பாலும் ஒரு போட்டியாகவே நினைவுகூரப்படுகிறது. ஹங்கேரியிற் பிறந்த பிரான்ஸ் லிஸ்ட், ஜெனீவாவை அடுத்துப் பிறந்த சிகிஸ்மொண்ட் தால்பேர்க் ஆகிய இரு பியானோக் கலைஞருள் எவர் சிறந்தவர் என்னும் வினாவே அதுபற்றிய எழுத்துக்களில் முதன்மை பெற்றுள்ளது. ஆயின், அவ்வரங்கு எவருக்காகக் கூட்டப்பட்டது, அங்கு ஒலித்த இசை எங்கிருந்து வந்தது என்பனவே வரலாற்று நோக்கில் ஆராயப்பட வேண்டியவை.

1831இல் மொடெனா, பார்மா, பாப்பரசரின் ஆட்சிப் பகுதிகள் ஆகிய இடங்களில் எழுந்த கிளர்ச்சிகளை ஒஸ்திரியப் படைகள் அடக்கின. அதன் விளைவாக இத்தாலியர் பலர் பிரான்சிலே தஞ்சம் புகுந்தனர். மிலான் நகரப் பிரபு குலத்தவரான கிறிஸ்தீனா பெல்ஜோயோசோவும் அவர்களுள் ஒருவர். ஒஸ்திரிய அரசு அவரது சொத்துக்களை முடக்கியமையால் பாரிசில் ஆரம்பத்தில் வறுமையையும் அவர் அறிந்திருந்தார். வறிய இத்தாலிய அகதிகளுக்கு நிதி திரட்டும் பொருட்டு அவர் தமது இல்லத்தில் கூட்டியதே இவ்வரங்கு. நுழைவுச்சீட்டின் விலை 40 பிராங்க். அது ஒரு தொழிலாளியின் பல நாட் கூலியாகும். பணங்கொடுத்தோர் வரக்கூடியதாயினும், அது செல்வர் கூடிய அரங்காகவே அமைந்தது.

அன்று தால்பேர்க் ரொசினியின் ‘மோசே’ ஒப்பராவையும், லிஸ்ட் பாச்சீனியின் ‘நியோபே’ ஒப்பராவையும் தழுவிய கற்பனைப் படைப்புக்களை வாசித்தனர். ஒலிப்பதிவு தோன்றாத அக்காலத்தில், ஒப்பரா மெட்டுக்களை அரங்கிற்கு வெளியே கொண்டுசென்ற கருவிகளுள் பியானோ முதன்மையானது. எரார் நிறுவனம் 1821இல் காப்புரிமை பெற்ற பொறியமைப்பு ஒரே சுரத்தை மிக விரைவாக மீட்டும் ஒலிக்கச் செய்தது. தால்பேர்க் இரு பெருவிரல்களாலும் மெட்டை நடுப்பகுதியில் வாசித்து, ஏனைய விரல்களால் அதனைச் சூழச் சுரங்களை அலையலையாக எழுப்பினார். மூன்று கைகள் வாசிப்பதாகவே கேட்போர் மயங்கினர். அடிமைத்தளையிலிருந்து மீளும் மக்களின் பிரார்த்தனையைக் கொண்ட ‘மோசே’, நாடிழந்த இத்தாலியருக்கு வெறும் வித்தையாக மட்டும் ஒலித்திராது எனக் கருத இடமுண்டு.

இக்கருத்தை வலுப்படுத்துவது ‘ஹெக்சாமெரோன்’ என்னும் படைப்பாகும். பெல்லினியின் ‘பூரித்தானி’ ஒப்பராவிலுள்ள ஒரு மெட்டை லிஸ்ட், தால்பேர்க், பிக்சிஸ், ஹேர்ட்ஸ், செர்னி, சொப்பின் ஆகிய அறுவரும் விரித்து எழுதவேண்டுமெனப் பெல்ஜோயோசோ திட்டமிட்டார். அது குறித்த நாளில் நிறைவுறவில்லை. எனினும், அவர் தேர்ந்த மெட்டு நோக்கற்பாலது. சுதந்திரத்தைப் போற்றும் அப்பாடலின் வரிகளை எழுதிய கார்லோ பெப்போலியும் 1831 கிளர்ச்சியின் பின் நாடுகடந்தவரே. 1835இல் பாரிசில் பாடப்பட்ட அவ்வரிகளை இத்தாலிய அரங்குகளிற் பாட இயலாதென்பதைப் பெல்லினியே உணர்ந்திருந்தார். தாயகத்திலே தடைப்படக்கூடிய பாடல், சொற்களை நீக்கியபோதும் தன் பொருளை முற்றாக இழந்துவிடவில்லை.

போட்டியின் முடிவைப் பொறுத்தவரை, இருவருமே வென்றனர், எவரும் தோற்கவில்லை என்ற கருத்துப்பட விமரிசகர் ஜூல் ஜனேன் எழுதினார். தால்பேர்க் உலகின் முதலாவது கலைஞர், லிஸ்டோ ஒரேயொரு கலைஞர் எனப் பெல்ஜோயோசோ கூறியதாகவும் சொல்லப்படுகிறது. இச்சாதுரியமான கூற்றே பின்னர் பெரிதும் பரவியது. அகதிகளின் கதை பின்தள்ளப்பட்டது.

ஆயினும் பெல்ஜோயோசோவின் பணி அவ்வரங்குடன் முடியவில்லை. 1848இல் அவர் தொண்டர் படையொன்றைத் திரட்டி மிலானுக்குச் சென்றார். 1849இல் உரோமைக் குடியரசு முற்றுகையிடப்பட்டபோது அங்கு மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தினார். இப்பணிகளோடு இணைத்து நோக்கும்போது, 1837ஆம் ஆண்டின் இசையரங்கு இரு கலைஞரின் போட்டி என்பதிலும் பார்க்க, இத்தாலிய தேசிய இயக்கத்தின் ஒரு சிறு கட்டம் எனக் கொள்வதே பொருத்தமாகும்.