அந்தரத்தில் ஒரு கால்

1887, தேங்க்ஸ்கிவிங் நாள். சிகாகோவில் ஒரு படகு கிளப். கால்பந்து மேட்ச் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த இளைஞர்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தர் பாக்ஸிங் கிளவுஸைத் தூக்கி எறிய, இன்னொருத்தர் கம்பால் விளாசினார். சாஃப்ட்பால் பிறந்தது இப்படித்தான்!

பேரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பந்து வீசும் பிட்சருக்கு ஏகக் கெடுபிடி. கையைச் சக்கரமாகச் சுழற்றி, இடுப்புக்குக் கீழேதான் பந்தை விடவேண்டும். அதுகூடப் பரவாயில்லை, பெரிய வம்பு காலில்! பெண்கள் ஆட்டத்தில் வெகுகாலம் பின்னங்கால் தரையை உரசிக்கொண்டே வரவேண்டும் என்று விதி. இரண்டு காலும் அந்தரத்தில் இருந்தால் ‘இல்லீகல் பிட்ச்’. அம்பயர் இடது கையை நீட்டி முஷ்டியை மடக்குவார். பழைய விதிப்படி, பேஸ்களில் நிற்பவர்கள் ஆளுக்கு ஒரு பேஸ் முன்னேறலாம். மூன்றாவது பேஸில் ஆள் இருந்தால்? ஒரு ரன் அம்போ!

சரி, கண் சிமிட்டும் நேரத்தில் ஷூ தரையைத் தொட்டதா, இல்லையா... யாரால் சொல்லமுடியும்? சின்னப் பெண்கள் ஆடும் உள்ளூர் மேட்ச் என்றால், அம்பயர் கோச்சை ஓரங்கட்டி, “கொஞ்சம் சொல்லிக் குடுங்க” என்பதோடு விட்டுவிடுவதுண்டு. அதே துள்ளலோடு காலேஜ் டீமுக்குப் போய், அங்கே கறாரான அம்பயரிடம் மாட்டினால், அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம்!

இத்தனைக்கும் ஆண்கள் ஆட்டத்தில் இந்தத் துள்ளலுக்கு எப்போதோ அனுமதி கிடைத்துவிட்டது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்குக் கிடைத்தது 2024 சீசனில்தான். துள்ளியபின் காலை மறுபடி ஊன்றி உந்துவது மட்டும் குற்றமாகவே நீடித்தது. கால் ஊன்றியதா, வெறுமனே உரசியதா? அம்பயர் இன்னமும் ஷூவைத்தான் முறைத்துக்கொண்டிருக்கிறார்.