எண்களை ஐயுறக் கற்ற வானிலையியல்

1910ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் காலையில் ஐரோப்பிய வான்வெளி எவ்வாறு இருந்தது என்பதைக் காட்டும் அளவீடுகளை, பியர்க்னெஸ் என்னும் நார்வே நாட்டு அறிஞர் பின்னர் லைப்சிக் நகரிலிருந்து தொகுத்து வெளியிட்டார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிய ஆங்கிலேயரான லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன், அவ்வெண்களைக் கொண்டு 6 மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்பதைக் கையாலேயே கணக்கிட்டார். 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையிலோ அன்று அழுத்தம் ஏறத்தாழ அசையவே இல்லை.

இவ்வெண்ணின் விபரீதத்தை ஓர் ஒப்புமையால் உணரலாம். 1979 அக்டோபரில் மேற்குப் பசிபிக்கில் எழுந்த ‘டிப்’ சூறாவளியின் மையத்தில் 870 மில்லிபார் பதிவாயிற்று. கடல்மட்டத்தின் சராசரி அழுத்தத்திற்கும் அதற்கும் இடைப்பட்ட வேறுபாடுகூட 145ஐ எட்டவில்லை! ஆயினும் ரிச்சர்ட்சன் தம் தோல்வியை மறைக்கவில்லை. 1922இல் வெளியிட்ட நூலில் முழுமையாக அச்சிட்டார். தொடக்கக் காற்றளவுகளின் பிழையே காரணம் என்றும் அதில் எழுதினார்.

‘அளவீடுகள் தவறு, ஆகவே விடையும் தவறு’ என்று இதைச் சுருக்கிக் கூறுவோர் உளர். அது பாதி உண்மையே. பீட்டர் லிஞ்ச் என்னும் அயர்லாந்து அறிஞர் அதே கணக்கை மீண்டும் செய்து பார்த்தார். காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று இசையுமாறு தொடக்க எண்களைச் சீர்செய்தபோது, மாற்றம் 1 மில்லிபாருக்கும் குறைவாயிற்று. தனித்தனியே நோக்கினால் நம்பத்தக்க எண்கள், ஒருங்கே நோக்கினால் முரண்பட்டன என்பதே செய்தி.

1950இல் கணிப்பொறி இக்கணக்கை ஏற்றது; 1954இல் ஸ்வீடனில் அன்றாடப் பணியாகவும் ஆயிற்று. அதற்குமுன் வரைபடத்தில் எண்களைக் குறித்த வானிலையாளர், பொருந்தாத எண்ணைக் கண்டால் தம் கண்ணறிவால் ஒதுக்கிவிடுவார். எண்கள் நேரே பொறிக்குள் புகுந்தபின் அந்தக் கண் இல்லாது போயிற்று. தந்தியில் இலக்கம் இடம் மாறுவதும், கப்பலின் தீர்க்கரேகை கிழக்கிற்கு மேற்காகக் குறிக்கப்படுவதும் அன்றாட நிகழ்ச்சிகள். ஆகவே, முந்தைய கணிப்போடு ஒப்பிடுவது, அண்டை நிலையங்களோடு ஒப்பிடுவது என்னும் சோதனைகள் பிறந்தன.

இவற்றுள் அழகியது, பலூனில் மேலே செல்லும் கருவியின் செய்திக்குரிய சோதனை. 850 மில்லிபார் மட்டத்திற்கும் 700 மில்லிபார் மட்டத்திற்கும் இடைப்பட்ட உயரம், அவ்வடுக்கின் வெப்பத்தைப் பொறுத்தது. வெப்பமான காற்று தடித்திருக்கும். எனவே உயரமும் வெப்பமும் ஒன்றுக்கொன்று சாட்சி. ஒரு மட்டத்தின் உயரம் 100 மீட்டர் கூடுதலாக வந்துவிட்டால், கீழடுக்கு 100 மீட்டர் தடித்தும் மேலடுக்கு 100 மீட்டர் மெலிந்தும் தோன்றும். வெப்பநிலை தவறியிருந்தாலோ இரண்டடுக்கிலும் முரண் ஒரே திசையில் நிற்கும். குற்றவாளி யார் என்பது மட்டுமன்றி, சரியான எண் எது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த பதிப்பாசிரியர்களை அறிந்த தமிழாசிரியர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

லெனின்கிராடில் பணியாற்றிப் பின் அமெரிக்கா சென்ற லெவ் காண்டின், 1988இல் இதனை நெறிப்படுத்தி எழுதினார். ஒரு சோதனையில் தவறியதும் எண்ணைத் தள்ளிவிடலாகாது. எல்லாச் சோதனைகளின் முரண்களையும் திரட்டிய பிறகே தீர்ப்பளிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அவ்வாறு பொறுத்திருக்கக் காரணம் உண்டு. கணிப்போடு பொருந்தாத எண் பிழையாகவும் இருக்கலாம். கணிப்பு காணத் தவறிய புயலாகவும் இருக்கலாம். கடலில் தனியே செல்லும் கப்பல் அனுப்பும் தாழ்ந்த அழுத்தத்திற்குச் சான்றுரைக்க அண்டையில் யாரும் இரார். அதைத் தள்ளினால் புயலையே தள்ளியதாகிவிடும். 2009இல் ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையம் தன் முறையை மாற்றியது. மிக விலகிய அளவீட்டையும் அறவே தள்ளாமல், ஓரளவு எடையேனும் கொடுத்து ஏற்கத் தொடங்கியது. கடும் புயல்களின் அளவீடுகள் கணக்கில் மேலும் நன்றாகப் பயன்பட்டதை அதன் ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துக்காட்டினர்.