கணக்கில் எழுதப்படாத சாடிகள்

தியானப் பகுதி: யோவான் 2:1–11



சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில், நம் சபையின் தகப்பனார் ஒருவர் குருமனைக்கு வந்தார். அவருடைய மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. ஆராதனை முறைமையைப் பற்றிப் பேச வந்திருப்பார் என்று எண்ணினேன். அவரோ சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். வரவேற்புக்கு அவர் அமர்த்தியிருக்கும் கூடத்தில் நான்கு சுவர்களும் நாற்காலிகளும் மாத்திரமே உண்டு. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பழச்சாறு முதல் குடிதண்ணீர் வரை எல்லாவற்றையும் வெளியிலிருந்தே கொண்டுவரவேண்டும். அழைத்திருப்பது 300 பேர். 400 பேர் வரக்கூடும். “ஐயா, பந்தியில் ஒரு கூட்டு குறைந்தால் யாரும் பேசமாட்டார்கள். வாசலில் வந்து நிற்கிறவருக்குக் குடிக்கக் கொடுக்க ஒன்றுமில்லை என்றால், நான் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?” என்றார். அவருடைய அனுமதியோடும், இன்னார் என்று காட்டாமலும் இதை எழுதுகிறேன்.

அவரோடு ஜெபித்து அவரை அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. கானா ஊர்க் கலியாணத்தைப் பல ஆண்டுகளாகப் பிரசங்கித்து வருகிறேன். அந்த வீட்டாரும் இப்படி ஒரு கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்திருப்பார்கள் என்று ஒருமுறையும் நினைத்ததில்லை. ஆகவே இந்த வாரம், அந்தக் காலத்துக் கலிலேயாவில் ஒரு திருமண வீட்டார் விருந்தினருக்குப் பானம் கொடுத்த விதத்தைச் சரித்திரத்தின் துணையோடு சிந்திப்போம்.

கானா ஒரு சிற்றூர். யூத சரித்திர ஆசிரியரான யோசேப்பு, ரோமருக்கு எதிரான போர்க்காலத்தில் தாம் அங்கே தங்கியிருந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடும்போது அதைக் கிராமம் என்றே அழைக்கிறார். அத்தகைய ஊரில் விருந்துக்கென்று தனிக் கூடம் கிடையாது. மணவாளனின் வீடும் முற்றமுமே பந்தி மண்டபம். ஆகையால்தான் ரசத்தைக் குறித்துப் பேச எண்ணிய பந்திவிசாரிப்புக்காரன் மணவாளனையே அழைக்கிறான். பானத்துக்கான பொறுப்பு அந்த வீட்டாருடையது.

விருந்தும் ஒரு மாலையோடு முடிந்துவிடவில்லை. லேயாளுக்குரிய ஏழு நாட்களை நிறைவேற்றும்படி லாபான் யாக்கோபிடம் சொன்னதும், சிம்சோனின் விருந்து ஏழு நாள் நடந்ததும் நாம் அறிந்தவையே. ஊராரும் உறவினரும் வந்து போய்க்கொண்டிருக்கும் ஒரு வாரத்துக்கு வேண்டிய பானத்தை, ஒரு கிராமத்துக் குடும்பம் எங்கிருந்து எடுக்கும்? தன் திராட்சத் தோட்டத்திலிருந்தும், தன் மண்சாடிகளிலிருந்துமே எடுக்கவேண்டும். அந்த நாட்டில் திராட்ச அறுவடை கோடையின் கடைசியில் தொடங்கி இலையுதிர்காலம் வரை நடக்கும். பாறையில் வெட்டிய ஆலைகளில் பழத்தை மிதித்து, சாற்றைச் சாடிகளில் ஊற்றி வைப்பார்கள். ஆண்டு முழுவதற்கும் அதுதான் இருப்பு.

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். கானாவிலிருந்து இயேசு கப்பர்நகூமுக்குப் போய்ச் சில நாள் தங்கினார் என்றும், அப்பொழுது பஸ்கா பண்டிகை சமீபமாயிருந்தது என்றும் யோவான் எழுதுகிறார். பஸ்கா வசந்தகாலத்துப் பண்டிகை. அப்படியானால் அறுவடை முடிந்து ஏறக்குறைய ஆறு மாதங்கள் கடந்திருந்தன. அடுத்த அறுவடைக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன. அந்த வீட்டின் சாடிகள் மாத்திரமல்ல, அண்டை வீட்டாரின் சாடிகளும் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும் காலம் அது. செப்போரிஸ் நகரம் நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அங்கே சென்று வாங்கப் பணம் வேண்டும். சுமக்கக் கழுதை வேண்டும். விருந்தினர் பந்தியில் காத்திருக்கையில் நேரமும் வேண்டும். இயேசுவின் தாயார் வந்து சொன்ன அந்தச் சிறிய செய்திக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

அது வெறும் பழச்சாறுதானே என்று சிலர் கேட்பதுண்டு. உண்மையைச் சொல்லவேண்டும். குளிரூட்டும் வசதி இல்லாத வெப்ப நாட்டில் ஆறு மாதம் சாடியில் இருந்த சாறு புளித்த ரசமாகவே இருந்திருக்கும். அந்நாட்களில் அதில் தண்ணீர் கலந்து பருகுவதே வழக்கம். மக்கபேயர் இரண்டாம் நூலின் ஆசிரியர், தண்ணீர் கலந்த ரசத்தின் இனிமையை உவமையாகச் சொல்லித்தான் தம் நூலை முடிக்கிறார். இதைச் சொல்வதனால் நம் வீட்டுத் திருமணங்களில் மதுப்புட்டி திறக்க நான் அனுமதி தருவதாக எண்ணிவிடாதீர்கள். குடியினால் தாலியையும் நிலத்தையும் இழந்த வீடுகளுக்குள் சென்று ஜெபித்தவன் நான். கானாவின் அற்புதம் குடிப்பதற்கான சாக்கு அல்ல. வெட்கப்படவிருந்த ஒரு வீட்டுக்குக் கிடைத்த இரக்கம்.

அந்த வெட்கம் எத்தகையது என்பதை யூதரின் பழைய சட்டம் நமக்கு விளக்குகிறது. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில் ‘பாபா பத்ரா’ என்றொரு பகுதி உண்டு. அதன் 9ஆம் அதிகாரம், சகோதரர்கள் சொத்துப் பிரிப்பதைப் பற்றிப் பேசுகையில், மணவாளனின் தோழர்கள் திருமண வீட்டுக்குச் செய்யும் சீரைக் குறிப்பிடுகிறது. அதற்கு ‘ஷுஷ்பினூத்’ என்று பெயர். யோவான் ஸ்நானகன் அடுத்த அதிகாரத்தில் தம்மை மணவாளனுடைய தோழனுக்கு ஒப்பிடுகிறாரே, அந்தத் தோழனுக்குரிய கடமை இது. இந்தச் சீர் இலவசமல்ல. கொடுத்தவன் வீட்டில் திருமணம் வரும்போது வாங்கியவன் அதைத் திருப்பிச் செய்யவேண்டும். செய்யாவிட்டால் நீதிமன்றத்தில் வழக்கிட்டு வசூலிக்கலாம் என்கிறது மிஷ்னா.

பிரியமானவர்களே, இது உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது என்று அறிவேன். வாசலில் மேசை போட்டு, பெயரும் ஊரும் தொகையும் எழுதி, அந்த மொய் நோட்டைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. மொய் கெட்டதன்று, ஒரு குடும்பம் தனியே தூக்க முடியாத பாரத்தைப் பலர் சேர்ந்து தூக்கும் ஏற்பாடு அது. ஆயினும் அது கடன். திருப்பிச் செலுத்தும் நாளில்தான் அதன் கனம் தெரியும்.

20ஆம் நூற்றாண்டில் இலண்டனில் கீழைநாட்டுச் சட்டங்களின் பேராசிரியராயிருந்த டங்கன் டெரட் என்பவர் நம் நாட்டு இந்துச் சட்டத்தில் பெரும் புலமை பெற்றவர். அவர் 1970இல் வெளியிட்ட ‘புதிய ஏற்பாட்டில் சட்டம்’ என்ற பொருள்படும் ஆங்கில நூலில், கானா நிகழ்ச்சியை இப்படிப்பட்ட திருமணச் சீர்க் கடமைகளின் பின்னணியில் வைத்து வாசித்தார். இயேசுவும் சீஷரும் அங்கே அழைக்கப்பட்ட விருந்தினர். பிறர் வீட்டு விருந்துக்குப் போகிறவர்களுக்கும் ஒரு கடமை இருந்தது. அந்தக் கோணத்தில் வாசித்தால் ஆறு கற்சாடிகளும் நமக்குப் புதிதாய்த் தெரியும்.

மிஷ்னா அதே இடத்தில் ஒரு விதிவிலக்கு வைக்கிறது. ஒருவன் தன் நண்பனுக்குத் திராட்சரசச் சாடிகளையும் எண்ணெய்ச் சாடிகளையும் அனுப்பினால், அவற்றை நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாது. ஏனெனில் அவை அன்பின் செயல்கள். அதே சமுதாயம், அதே கொடுக்கல் வாங்கல். ஆனால் சாடியில் அனுப்பிய ரசத்தைக் கடன் கணக்கில் எழுதக்கூடாது என்று அந்த ஆசிரியர்கள் தீர்த்திருக்கிறார்கள். இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் அமைதியாயிருந்தேன். நம் ஆண்டவர் கானாவிலே கொடுத்தது எது? திராட்சரசச் சாடிகள் அல்லவா?

அவை எவ்வளவு பெரியவை என்று பாருங்கள். மண்பாத்திரம் தீட்டுப்பட்டால் உடைத்துப்போடவேண்டும் என்பது லேவியராகமத்தின் கட்டளை. கல் பாத்திரம் தீட்டுப்படாது என்று யூதர் கொண்டார்கள். ஆகையால் சுத்திகரிப்புக்குரிய தண்ணீரைக் கற்சாடிகளில் வைத்தார்கள். கி.பி. 70இல் எரிந்துபோன எருசலேம் வீடுகளில் இத்தகைய பெரிய சாடிகள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. நாசரேத்துக்கும் இன்றைய கஃப்ர் கன்னாவுக்கும் இடையிலுள்ள ரெய்னாவிலே, சுண்ணாம்புக்கல்லைக் கடைந்து பாத்திரம் செய்த முதலாம் நூற்றாண்டுப் பட்டறை ஒன்று 2017இல் அகழ்ந்து வெளிப்படுத்தப்பட்டது.

யோவான் சொல்லும் கிரேக்க அளவு ஏறக்குறைய 39 லிட்டர். சாடிக்கு இரண்டு அல்லது மூன்று அளவு என்றால், ஆறு சாடிகளுக்கும் சேர்த்து 468 முதல் 702 லிட்டர். நம் வீட்டு 15 லிட்டர் குடத்தால் ஊற்றினால் 31 முதல் 47 குடங்கள். சாடிகளில் முன்பே கொஞ்சம் தண்ணீர் இருந்திருந்தாலும், வேலைக்காரர் நீரூற்றுக்கும் முற்றத்துக்கும் பலமுறை நடந்திருப்பார்கள். அற்புதத்தைச் செய்தவர் ஆண்டவர். குடம் சுமந்தவர்கள் ஊழியக்காரர்.

இனி நடந்ததைக் கவனியுங்கள். நல்ல ரசத்தை இதுவரைக்கும் வைத்திருந்ததாக எண்ணிப் பந்திவிசாரிப்புக்காரன் மணவாளனைப் பாராட்டுகிறான். அந்த வாலிபனுக்கோ ஒன்றும் தெரியாது. தண்ணீரை மொண்ட வேலைக்காரருக்கு மாத்திரம் தெரியும். ஆண்டவர் எழுந்து நின்று, இது என் ஈவு என்று அறிவிக்கவில்லை. புகழ் மணவாளனுக்குப் போயிற்று. கொடுத்தவர் தம்மை மறைத்துக்கொண்டார். அந்தக் குடும்பம் திருப்பிச் செலுத்தவேண்டிய பட்டியலில் அவர் பெயர் இல்லை. எவரும் வசூலிக்க முடியாத, எவரும் திருப்பிக் கொடுக்கவும் முடியாத ஈவு அது. கிருபை என்று நாம் சொல்வது இதைத்தான்.

இதற்கு மாறான ஒரு விருந்தையும் சரித்திரம் காட்டுகிறது. கி.பி. 100ஐ ஒட்டி வாழ்ந்த ரோம அதிகாரி இளைய பிளினி, தாம் சென்ற விருந்தைப் பற்றி ஒரு கடிதத்தில் எழுதுகிறார். அங்கே விருந்தளித்தவர் தமக்கும் முக்கியமானவர்களுக்கும் ஒரு ரசம், எளிய நண்பர்களுக்கு வேறொன்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு இன்னொன்று என்று மூன்று தரமாகப் பரிமாறினாராம். பிளினிக்கே அது அருவருப்பாயிருந்தது. கானாவிலோ, கடைசியில் வந்தவனுக்கும் கிடைத்தது சிறந்த ரசமே. மேடைக்கு ஒரு குவளையும் கடைசி வரிசைக்கு ஒரு குவளையும் வைக்கும் நம் வரவேற்புகளை எண்ணி நாம் கூசவேண்டாமா?

மரியாளைப் பாருங்கள். குறைவை விருந்தினர் பேசத் தொடங்குமுன்னே அவள் கண்டுகொண்டாள். கண்டதை ஊரிலே பரப்பாமல், உரியவரிடத்தில் தாழ்ந்த குரலில் சொன்னாள். பின்பு வேலைக்காரரிடமும் பேசினாள். என்னைக் குற்றப்படுத்தியது இதுதான். அன்று அந்தத் தகப்பனாரோடு நான் ஆண்டவரிடம் சொன்னேன், வேலைக்காரரிடம் சொல்லவில்லை. ஜெபித்தவுடன் என் பங்கு முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொண்டேன். சாடிகளை நிரப்ப ஆள் வேண்டும் என்பதை மறந்துபோனேன்.

அந்தத் திருமணம் அடுத்த மாதம் நடக்கிறது. இந்த வாரம் நான் அவருடைய வீட்டுக்குப் போகிறேன். சபையில் இருவரிடம் மாத்திரம் பேசியிருக்கிறேன்; அவர்கள் யாரென்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியவேண்டாம். நீங்களும் ஒன்று செய்யலாம். உங்கள் கையில் ஒரு திருமண அழைப்பிதழ் இருக்குமானால், மொய் உறையில் எவ்வளவு வைப்பது என்று கணக்கிடுமுன், அந்த வீட்டில் இன்னும் குறைவாயிருப்பது என்ன என்று மெதுவாய் விசாரியுங்கள். அது நூறு பேருக்கு எலுமிச்சைச் சாறாயிருக்கலாம். பத்துக் குடிதண்ணீர்க் கேன்களாயிருக்கலாம். கொண்டுபோய்ப் பின்வாசலில் வைத்துவிட்டு வாருங்கள். மொய் மேசைக்கு அதைத் தெரிவிக்கவேண்டாம்.

ஜெபம்: கானாவூர் வீட்டின் வெட்கத்தை மூடின ஆண்டவரே, பிறருடைய குறைவைக் காணும் கண்களையும், கண்டதை மறைவாய்க் காக்கும் நாவையும், குடம் சுமக்கும் கைகளையும் எங்களுக்குத் தாரும். திருமணத்துக்காகக் கலங்கி நிற்கும் எல்லாப் பெற்றோரையும் நினைத்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.