நூலகப் பட்டியலில் நமது பெயர்

சிட்னியிலோ மெல்பேர்னிலோ படிக்கும் தமிழ் மாணவி ஒருத்தி சங்க இலக்கியம் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழக நூலகத்தின் தேடுபெட்டியில் 'சங்கம்' என்ற சொல்லை, நாம் எல்லோரும் எழுதுவதுபோல, ஆங்கிலத்தில் 'எஸ்' போட்டுத் தொடங்குகிறாள். மொழிபெயர்ப்புகள் வருகின்றன, ஆங்கில ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. தமிழ் நூல் அநேகமாக வராது. இங்கே தமிழில் ஒன்றும் இல்லை என்று முடிவுசெய்து, ஆங்கில நூல்களை மட்டும் வைத்துக் கட்டுரையை எழுதி முடிக்கிறாள். அவள் தேடிய தமிழ் நூல் 'சி' என்ற ஆங்கில எழுத்தின் கீழ் இருந்திருக்கலாம்.

அந்தச் 'சி'க்கு ஒரு வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், ஒவ்வொரு தலைச்சொல்லையும் தமிழ் எழுத்தில் தந்து, பக்கத்திலேயே ரோமன் எழுத்திலும் தந்தது. அது ஒலியைப் பின்பற்றவில்லை, எழுத்தைப் பின்பற்றியது. ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரு ரோமன் எழுத்து. சகரம் எங்கே வந்தாலும் 'சி', ககரம் எப்படி ஒலித்தாலும் 'கே', தகரத்துக்கு வெறும் 'டி'. டகர ணகர ளகரங்களுக்குக் கீழே புள்ளி, ழகர றகர னகரங்களுக்குக் கீழே கோடு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் அமெரிக்க நூலகச் சங்கமும் சேர்ந்து வைத்திருக்கும் எழுத்துப்பெயர்ப்பு அட்டவணையும் பெரும்பாலும் இதே வழியில்தான் போகிறது. அவுஸ்திரேலிய நூலகங்களின் பட்டியல்களும் அதையே கையாள்கின்றன. ஆகவே 'காந்தி' என்று தலைப்பில் வரும் தமிழ் நூலை 'கே'யில் தேட வேண்டும். 'சிலப்பதிகாரம்' 'சி'யில் தொடங்கும். நடுவில் வரும் 'தி'க்கு 'எச்' கிடையாது. 'தமிழ்' என்ற சொல்லின் கடைசி எழுத்து அடிக்கோடிட்ட 'எல்', நாம் பழகிய 'இசட் எச்' அல்ல.

இந்த முறையைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஒலிப்படி எழுதத் தொடங்கினால் யாழ்ப்பாணத்துச் சகரம் ஒன்று, மதுரைச் சகரம் இன்னொன்று என்றாகும். ஒரே நூலுக்கு நாலு இடத்தில் நாலு பெயர் விழும். லெக்சிகன் வழியில் எழுதியதை ஓர் எழுத்தும் தவறாமல் தமிழுக்குத் திருப்பிவிடலாம். குறை, இதை மாணவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காததில்தான் இருக்கிறது. நூலக அறிமுக வகுப்புகளில் தரவுத்தளம், மேற்கோள் முறை எல்லாம் சொல்வார்கள். தமிழ்ச் சகரத்தைப் பற்றிச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? புள்ளியையும் கோட்டையும் பெரும்பாலான தேடுபொறிகள் பொருட்படுத்துவதில்லை. எழுத்துகளைச் சரியாகப் போட்டால் போதும். பிற்காலப் பதிவுகள் சிலவற்றில் தமிழ் எழுத்தும் சேர்ந்திருப்பதால், தமிழிலும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும்.

எண்ணைக் குறித்துக்கொண்டு அலுமாரிக்குப் போனால் அங்கேயும் ஒரு வரலாறு நிற்கிறது. டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. வடமொழியும் இந்தியும் 891இல், ஐரோப்பிய உறவினரோடு இருக்கின்றன. தமிழுக்கு அதே 894இல் அயலவர் துருக்கியரும் ஹங்கேரியரும் பின்லாந்தினரும். கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது, இம்மொழிகளைப் பின்னிய மொழி, துருக்கி மொழி முதலானவை அடங்கிய 'சித்திய' இனத்தோடு உறவுபடுத்தினார். டூயி தன் பகுப்பை 1876இல் வெளியிட்டார். அந்த நூற்றாண்டின் மொழியியல் நம்பிக்கை ஒன்றின் நிழலில்தான் நம் நூல்கள் இன்றும் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பனுக்குப் பக்கத்தில் ஹங்கேரியக் கவிஞர் இருப்பதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

பொருள் தலைப்புகள் அவ்வளவு வேடிக்கையானவை அல்ல. காங்கிரஸ் நூலகத்தின் தலைப்புப் பட்டியலில் தமிழர் என்ற மக்களைக் குறிக்கும் சொல் 'தமிழ்'. மொழியோடு குழம்பாமல் இருக்கப் பக்கத்தில் 'இன்டிக் மக்கள்' என்று ஒரு குறிப்பு. வல்வெட்டித்துறையைப் பற்றி எழுதினாலும் மலேசியத் தோட்டங்களைப் பற்றி எழுதினாலும் அந்தக் குறிப்பு கூடவே வரும். இலங்கைப் போருக்கு உரிய தலைப்பில் 1983-2009 என்று ஆண்டுகள் போட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது 1981 மே 31 இரவு தொடங்கி. சுமார் 97,000 நூல்கள் போயின என்பார்கள். பட்டியலின் கணக்கில் அது போருக்கு முந்திய சம்பவம். அந்தத் தலைப்பை மட்டும் சொடுக்கிப் படிக்கும் மாணவருக்கு நூலக எரிப்பு பற்றிய தனி நூல் கண்ணில் படாமலே போகக்கூடும். ஊர்ப் பெயரையும், இலங்கை நூலகங்கள் என்ற பொருளையும், அதற்கு முந்திய அரசியல் வரலாற்றையும் தனித்தனியே தேட வேண்டியிருக்கும்.

இன்னும் பின்னே போனால் நமக்கே வேறு பெயர்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தன் மொழியை மலபார் என்றும் தமுல் என்றும் சேர்த்தே சொல்கிறது. அதன் பிரதி இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ரொபர்ட் நொக்ஸ் 1681இல் இலங்கையைப் பற்றி எழுதிய நூலில் தமிழர் 'மலபார்கள்'. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனரிகள் நெடுங்காலம் 'தமுல்' என்று எழுதினார்கள். மலாயாவில் 'கிளிங்'. இந்தப் பெயர்களை அறியாதவருக்கு மூன்று நூற்றாண்டுத் தாள்கள் மூடியே கிடக்கும்.

இதை நன்றாக உணர்ந்தவர் தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913இல் பிறந்து, 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கியவர். ஐரோப்பிய நூலகங்களை அலசி, அந்தாவ் தெ புரொயென்சாவின் தமிழ்-போர்த்துக்கீச அகராதியை வத்திக்கானில் கண்டெடுத்தார். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான நூல் அது. 1966இல் மலாயாப் பல்கலைக்கழகம் அதை மறுபதிப்பாக வெளியிட்டது. உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் முதன்முதல் கூடியதும் அதே ஆண்டுதான். மாநாட்டைப் பற்றி நாம் இன்றும் பேசுகிறோம். ஆனால் அதே ஆண்டு அவர் தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலையும் வெளியிட்டார் என்பதை நினைப்பவர் குறைவு. ஆராய்ச்சிக்கு வரும் மாணவர் முதல் நாளே கையில் எடுக்கவேண்டிய நூல் எது என்று கேட்டால், அத்தகைய ஒரு பட்டியலைத்தான் சொல்வேன்.

அவுஸ்திரேலியப் பழைய பத்திரிகைகளுக்கும் இதே விதி. கன்பராவின் தேசிய நூலகம் 2009இல் தொடங்கிய 'ட்ரோவ்' இணையவழியில் இலவசம். பல்கலைக்கழக அட்டைகூடத் தேவையில்லை. 1882இல் 'டெவன்ஷயர்' கப்பலில் இலங்கையிலிருந்து குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்த கதையைத் தேடுபவர், சிங்களவர் என்ற சொல்லை இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தட்டினால் அதிகம் கிடைக்காது. அக்காலப் பத்திரிகைகள் அதையும் 'சி'யில்தான் தொடங்கின. பழைய அச்சைக் கணினி தவறாக வாசித்திருந்தால் வாசகரே திருத்தலாம். ஒரு பத்தியைத் திருத்திவிட்டால் அடுத்து வருபவருக்கு அது தேடலில் அகப்படும்.

சிக்காகோ பல்கலைக்கழகத்தின் மின்னகராதிகளில் லெக்சிகன் முழுவதும் கிடைக்கிறது. ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் நூலகம் தளம் இருக்கிறது. பழந்தமிழ் நூல்களுக்கு 1998 முதல் மதுரைத் திட்டம். இவற்றை நம்மவர் பலர் அறிவார்கள்.

நாம் இங்கே வந்தபிறகு அச்சிட்டவை வேறு கதை. பேராசிரியர் சி. ஜே. எலியேசர் 1968இல் மெல்பேர்ன் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்குக் கணிதப் பேராசிரியராக வந்தார். அவருடைய கணிதக் கட்டுரைகளைப் பல்கலைக்கழகத் தரவுத்தளத்தில் நிமிடத்தில் எடுத்துவிடலாம். பின்னாளில் இங்குள்ள தமிழருக்காக அவரும் அவர் காலத்தவரும் எழுதிய சுற்றறிக்கைகளை எங்கே போய்த் தேடுவது? எத்தனை வீடுகளின் கராஜ் பெட்டிகளில் அவை கிடக்கின்றனவோ. 1968ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இந்நாட்டில் வெளியாகும் நூல், சஞ்சிகை, செய்திமடல் எதற்கும் ஒரு பிரதி தேசிய நூலகத்துக்குப் போகவேண்டும். 2016 முதல் மின்வெளியீட்டுக்கும் அது பொருந்தும். மொழி எதுவானாலும் சரி. கோவில் கும்பாபிஷேக மலரும் பழைய மாணவர் சங்க மலரும் இதில் அடங்கும். பலவற்றில் ஆண்டும் ஊரும் அச்சிடப்பட்டிருக்காது. தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு, உள்ளட்டையில் பென்சிலால் எழுதி அனுப்புங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.